உப்பூர் மின்சார நிலையம்: தடுத்தது யார்? நஷ்டம் யாருக்கு?

இராமநாதபுரம் ஜில்லாவில், தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கடலோரத்தில் உப்பூர் என்று ஒரு ஊர் இருக்கின்றது. மதுரையிலிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். அந்த உப்பூரிலும், அதை அடுத்த வளமாவூர், திருப்பாலைக்குடி எல்லையிலுமாகச் சேர்த்து, நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் பெரிய நிலையம் ஒன்று வரப்போகின்றது என்று சர்க்கார் சொல்லிற்று. 800 மெகாவாட் வீதம் இரண்டு யந்திரங்கள். ஆக 1,600 மெகாவாட். செலவு 12,778 கோடி ரூபாய் என்று கணக்குக் காட்டினார்கள். 2016-ஆம் வருஷத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அடிக்கல் நாட்டினார். நிலம் எடுத்தார்கள், காண்டிராக்ட் கொடுத்தார்கள், வேலையும் நடந்தது. 2021 மார்ச் மாதத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், இதற்குச் செய்யவேண்டிய ஆய்வுகள் சரிவரச் செய்யப்படவில்லை என்று சொல்லி, சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. அதே வருஷத்தில் மின்சார வாரியம் உப்பூரைக் கைவிட்டு, தூத்துக்குடி ஜில்லாவிலுள்ள உடன்குடிக்கு நிலையத்தை மாற்றிக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டது.

இந்த விஷயத்தைப்பற்றி மதுரைப் பக்கத்து டீக்கடைகளிலும் பஸ் நிலையத்திலும் மூன்றுவிதமான அபிப்பிராயங்களை நாம் கேட்டு வருகின்றோம். ஒன்று, "உப்பூர்ப் பிள்ளையார் தடுத்துவிட்டார்" என்பது. இரண்டாவது, "சட்டம் பேசுகிறவர்கள் நாட்டின் முன்னேற்றத்தைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது. மூன்றாவது, "எப்படியோ நின்றது, நல்லதாய்ப் போயிற்று, இனிக் கவலையில்லை" என்பது. இம்மூன்றும் தப்பு என்பதும், மூன்றில் எதை நம்பினாலும் ஏமாறுகிறவன் குடியானவனும் மீன்பிடிக்கிறவனுமே என்பதும் நமது அபிப்பிராயம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பிள்ளையார். உப்பூரில் இருக்கும் பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பேர். அவருக்கு வெயில் பிடிக்குமாம்; தலைக்குமேல் கூரையை ஒப்பமாட்டாராம். இராமன் இலங்கைக்குப் போகிறபோது இவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் போனான் என்று ஒரு கதையும் உண்டு. இப்படிப்பட்டவர் தமது ஊரில் புகைபோக்கி எழும்பக் கூடாதென்று தடுத்துவிட்டார் என்கின்றார்கள்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். தடுக்கக்கூடிய சக்தியுள்ள ஒரு சாமி, 2016-இல் அடிக்கல் நாட்டும்போது எங்கே போயிருந்தார்? நிலம் அளக்க வந்தவனின் சங்கிலியை ஏன் பிடித்து நிறுத்தவில்லை? ஐந்து வருஷம் பணத்தைக் கொட்டவிட்டு, அதன் பிறகு தடுப்பதா சாமியின் புத்தி? இன்னொன்று கேட்கின்றோம். உப்பூரில் தடுத்தவர் உடன்குடியில் ஏன் தடுக்கவில்லை? உடன்குடிக்குப் பக்கத்திலேதான் திருச்செந்தூர் இருக்கின்றது. அண்ணன் ஆகாது என்று துரத்திய நிலையத்துக்குத் தம்பி முருகன் அனுமதி கொடுத்துவிட்டாரா? அல்லது அண்ணன் அதிகாரம் இராமநாதபுரம் ஜில்லா எல்லையோடு சரியா?

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சாமி தடுத்தார் என்று சொல்லுகிறவன், உண்மையில் தடுத்தவர்களுக்குத் துரோகம் செய்கின்றான். அந்தப் பக்கத்து ஜனங்கள் அன்றாடக் கூலியை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டார்கள், மனுப் போட்டார்கள், வக்கீலைப் பிடித்தார்கள், சென்னையிலுள்ள தீர்ப்பாயம் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பாட்டையும் பட்டவன் மனிதன். மாலை மரியாதை மட்டும் கல்லுக்கா? இன்றைக்குச் சாமி தடுத்தார் என்று நம்புகிறவன், நாளைக்கு வேறொரு நிலையம் வரும்போது மனுப் போடமாட்டான். தேங்காய் உடைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். அதைத்தான் காண்டிராக்டர்களும் விரும்புவார்கள்.

நிற்க. இரண்டாவது அபிப்பிராயத்தைச் சற்று மரியாதையோடு கவனிக்க வேண்டும். ஏனெனில் அதில் ஒரு நியாயம் இருக்கின்றது. 2012-ஆம் வருஷத்தை மதுரைக்காரர் மறந்திருக்க முடியாது. ஒருநாளில் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். மாவு மில் ஓடவில்லை, லேத்துப் பட்டறை ஓடவில்லை, அச்சாபீஸ் ஓடவில்லை, தறிக்காரன் இருட்டில் உட்கார்ந்திருந்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பம்புசெட்டுக்கு எப்போது கரண்டு வரும் என்று குடியானவன் ராத்திரி கண்விழித்துக் காத்திருந்தான். அந்த இருட்டில் கிடந்தவன் "நிலக்கரியோ எதுவோ, எனக்கு விளக்கு எரிந்தால் போதும்" என்று சொன்னால் அவன்மேல் நாம் குற்றம் சொல்லமாட்டோம். மின்சாரமே வேண்டாம், பழையபடி அகல் விளக்குக்குப் போவோம் என்று சொல்லுகிறவன் நமது இயக்கத்தைச் சேர்ந்தவன் அல்ல. யந்திரத்தால் மனிதனின் முதுகு வலி குறையவேண்டும், பெண்மக்கள் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்கள் நாம்.

ஆனால் மின்சாரம் வேண்டும் என்பது வேறு. மின்சாரத்தின் பேரைச் சொல்லி எதைக் கேட்டாலும் கேள்வியில்லாமல் கொடுத்துவிட வேண்டும் என்பது வேறு. மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான். (சுழி பார்க்கிறவனும் உண்டு, அவனை விடுங்கள்.) பல்லைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நீ விவசாயத்துக்கு விரோதி என்று தரகன் சொன்னால், யாராவது ஒப்புக்கொள்வார்களா? சுற்றுச்சூழல் சட்டம் கேட்பதெல்லாம் இந்தப் பல்லைப் பார்க்கிற வேலைதான்.

எந்தப் பல்லை என்று கேட்டால் சொல்லுகின்றோம். 1,600 மெகாவாட் என்பது 16 லட்சம் கிலோவாட். யந்திரங்கள் இரண்டும் ஒருநாள் முழுதும் ஓடினால் 3 கோடியே 84 லட்சம் யூனிட் மின்சாரம். இந்தியக் கரியானால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 600 கிராம் என்று போட்டாலும், நாள் ஒன்றுக்கு 23,000 டன் கரி எரியவேண்டும். நம் நாட்டுக் கரியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சாம்பல். அதாவது நாள் தவறாமல் ஏழாயிரம் டன்னுக்கு மேல் சாம்பல். பத்து டன் ஏற்றும் லாரியில் ஏற்றினால் 700 லாரிக்கு மேல். வெளிநாட்டுக் கரியைக் கலந்தால் இந்தக் கணக்குக் கொஞ்சம் குறையும், இல்லாமல் போய்விடாது. இந்தச் சாம்பலை எங்கே கொட்டுவாய், காற்றடித்தால் யார் மூக்கில் ஏறும், மழை பெய்தால் எந்தக் கண்மாயில் இறங்கும் என்று கேட்பது குற்றமா?

அடுத்தது தண்ணீர். யந்திரத்தைக் குளிரவைக்கக் கடல் தண்ணீரை இழுக்க வேண்டும். இழுத்ததைச் சூடாகக் கடலிலேயே விடவேண்டும். உப்பூர்க் கடல் பாக் கடல். ஆழமில்லாத கடல், அடியிலே கடற்புல் முளைக்கின்ற கடல். அந்தப் புல்லை மேய்கின்ற கடற்பசுவுக்காக, இதே பாக் கடலில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாட்டுச் சர்க்காரே 2022-இல் காப்பகமாக அறிவித்திருக்கின்றது. புல் இருந்தால்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும். அவை இருந்தால்தான் கரைவலைக்காரன் வீட்டு அடுப்பில் உலை. இந்தக் கடலில் சூட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்த்தாயா என்று கேட்பது முன்னேற்றத்துக்கு விரோதமா?

மூன்றாவது கண்மாய். வானத்தைப் பார்த்துப் பயிர் செய்கிற பூமி அது. பக்கத்திலேதான் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் இருக்கின்றது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று ஜனங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான். அந்தச் சீமையில் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். நடுவே ஆயிரம் ஏக்கர் அளவில் ஒரு கோட்டையைக் கட்டிவிட்டால் ஓடை எந்தப் பக்கம் போகும்? இதைக் கேட்க எம்.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை. மடை திறக்கிற நீர்பாய்ச்சியே கேட்பான்.

இந்தச் சட்டம் நாட்டைக் கெடுக்க எவனோ சொப்பனங்கண்டு எழுதியது அல்ல. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் தூக்கத்திலேயே செத்த பிறகு, 1986-இல் வந்த சட்டம் இது. அந்தப் பிணங்களின்மேல் எழுதப்பட்டது. அதன்கீழ் 1994-லும் 2006-லும் ஆய்வு விதிகள் வந்தன. 2010-இல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டம் வந்தது. அப்படியும் இந்தக் கட்டுப்பாடு என்ன அவ்வளவு கொடுமையாகவா நடக்கின்றது? 2015 டிசம்பரில் மத்திய சர்க்கார், நிலக்கரி நிலையங்களின் புகை இன்ன அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி செய்தது. இரண்டு வருஷம் கெடு. கெடு முடிந்தவுடன் தள்ளி வைத்தார்கள், மறுபடியும் தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். கடைசியில் 2025 ஜூலையில், கந்தகப் புகையைப் பிடிக்கும் சாதனம் பெரும்பாலான நிலையங்களுக்கு வேண்டியதே இல்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தானே விதி செய்து, தானே தள்ளிவைத்து, தானே விலக்கும் கொடுத்துக்கொள்கிற சர்க்காரைப் பார்த்து, "கட்டுப்பாடு கழுத்தை நெரிக்கின்றது" என்று அழுவது யோக்கியமான பேச்சா?

உண்மையான குற்றம் வேறு இடத்தில் இருக்கின்றது. கேள்வி கேட்கப்பட்டதுதான் நஷ்டத்துக்குக் காரணம் என்கின்றார்கள். நாம் சொல்லுகின்றோம்: கேள்வி முதலிலேயே ஒழுங்காகக் கேட்கப்படாததுதான் நஷ்டத்துக்குக் காரணம். கல்யாணத்தில் பெண்ணின் சம்மதத்தைத் தாலி கட்டுவதற்கு முன்னே கேட்க வேண்டும் என்று நாம் இத்தனை காலமாகத் தொண்டை கிழியக் கத்தி வருகின்றோம். தாலியைக் கட்டி, சாப்பாடும் முடிந்த பிறகு "அம்மா, உனக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டால், அவள் இல்லை என்று சொல்லும்போது வருகிற அவமானத்துக்கும் செலவுக்கும் யார் பொறுப்பு? இல்லை என்று சொன்ன பெண்ணா? முன்னால் கேட்காத புத்திசாலிகளா?

"முன்னமே கேட்டோமே, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று சட்டத்திலேயே இருக்கின்றதே" என்பார்கள். இருக்கின்றது. ஆனால் அது எப்படி நடக்கின்றது என்பதை இந்த நாட்டில் எந்த ஊரிலாவது போய்ப் பாருங்கள். கலெக்டரோ அவர் அனுப்பிய அதிகாரியோ மேடையில் உட்காருவார். சுற்றிலும் போலீசு. ஆய்வறிக்கை என்று நூற்றுக்கணக்கான பக்கத்தில் ஒரு புத்தகம், முழுதும் இங்கிலீஷ். தமிழில் கொடுப்பது ஒரு சுருக்கம் மாத்திரம். உப்புக் காற்றில் வலை இழுக்கிறவனைப் பார்த்து, "உன் ஆட்சேபனை என்ன, சொல்" என்பார்கள். என்ன எழுதியிருக்கின்றது என்றே தெரியாதவன் என்னத்தைச் சொல்லுவான்? புரோகிதன் புரியாத பாஷையில் மந்திரம் சொல்ல, காசு கொடுத்தவன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே சமஸ்கிருதம், இங்கே இங்கிலீஷ். இரண்டிலும் நமக்கு மிச்சம் தலையாட்டல்தான்.

இது நம்முடைய கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2020-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் இந்த ஆய்வு விதிகளையே மாற்றுவதற்கு ஒரு வரைவு போட்டு, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. அந்த வரைவே இங்கிலீஷிலும் இந்தியிலுந்தான் இருந்தது. அரசியல் சட்டத்தில் கண்ட 22 பாஷைகளிலும் மொழிபெயர்த்துப் போடு என்று டெல்லி ஹைக்கோர்ட்டு சொல்லவேண்டியதாயிற்று. தமிழனுடைய கடலையும் காற்றையும் பற்றித் தமிழனிடம் தமிழில் பேசுவதற்கு டெல்லிக் கோர்ட்டு உத்தரவு வேண்டியிருக்கின்றது என்றால், நமது சுயமரியாதை எந்த நிலைமையில் இருக்கின்றது என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

இனி மூன்றாவது அபிப்பிராயம். நின்றுவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்கிறவர்களைக் கேட்கின்றோம்: நிலம் கொடுத்தவனுக்கு நிலம் வந்ததா? கொட்டிய பணம் யாருடைய பணம்? மின்சார வாரியத்தின் பணம் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்தது அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் கட்டுகிற கட்டணம், நம் பேரில் வாங்குகிற கடன். அது உப்பூர் மண்ணில் புதைந்ததற்கு எந்த அதிகாரியின் சம்பளத்திலாவது ஒரு ரூபாய் பிடித்தார்களா?

நிலத்தைப் பற்றி ஒரு சட்டம் இருக்கின்றது. 2013-ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு, எடுத்த நிலத்தை ஐந்து வருஷம் உபயோகிக்காமல் போட்டிருந்தால் பழைய சொந்தக்காரனுக்கோ அவன் வாரிசுக்கோ திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கின்றது. அவ்வளவில் நிறுத்தியிருந்தால் நல்ல சட்டம். ஆனால் "அல்லது" என்று ஒரு சொல்லைப் போட்டு, சர்க்காரின் நில வங்கியில் சேர்க்கலாம் என்றும் எழுதி வைத்திருக்கின்றார்கள். குடியானவனுக்கு "அல்லது" சர்க்காருக்கு என்றால், யாருக்குப் போகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். உப்பூர் நிலம் எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கப்பட்டிருந்தாலும் சரி, எந்தக் காரியத்துக்கு என்று சொல்லி வாங்கினார்களோ அந்தக் காரியம் இல்லையென்றால் நிலத்தை வைத்துக்கொள்ள நியாயம் இல்லை.

உடன்குடி விஷயம் இதைவிட மோசம். நமது ஊர்களில் திருஷ்டி கழிப்பது என்று ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டு. தன் வீட்டுக் கெடுதலைப் பூசணிக்காயில் ஏற்றி, முச்சந்தியில் கொண்டுபோய் உடைப்பான். அவன் வீட்டுத் திருஷ்டி போயிற்றோ இல்லையோ, வழியே போகிறவன் வழுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வான். உப்பூரை உடன்குடிக்கு மாற்றுவதும் இதே வைத்தியந்தான். அங்கே மட்டும் கரி எரிந்தால் சாம்பல் வராதா? அங்கே கடல் இல்லையா, மீன் இல்லையா, பனையேறிக் கருப்பட்டி காய்ச்சுகிற ஜனங்கள் இல்லையா? உப்பூரில் கேட்கவேண்டிய கேள்வி ஒவ்வொன்றும் உடன்குடியிலும் கேட்கவேண்டிய கேள்வியே. நம் கண்மாய் தப்பிற்று என்று சந்தோஷப்படுகிறவன், பூசணிக்காய் உடைத்தவனைச் சேர்ந்தவன்.

"அப்படியானால் மின்சாரத்துக்கு என்னதான் வழி?" என்று கேட்கலாம். வெயிலுகந்த பிள்ளையார் இத்தனை காலமாக வெயில் காய்ந்தும் அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. மனிதன் கண்டுபிடித்தான். அதே இராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், 2,500 ஏக்கரில், திறக்கப்பட்டது. ஆனால் வெயில் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ராத்திரியில் வெயில் இல்லை. பகலில் எடுத்ததைச் சேர்த்து வைக்க வேண்டும், அதற்குச் செலவு உண்டு. ராத்திரி விளக்குக்கு நிலக்கரி இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றது என்பதும் உண்மை. 2,500 ஏக்கர் என்றால் அது யார் நிலம், கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து என்று அங்கேயும் கேட்கத்தான் வேண்டும். கரியோ, வெயிலோ, காற்றோ, எதற்கும் கேள்வி பொது. கேள்விக்கு அப்பாற்பட்டது என்று ஒன்றைச் சொன்னால், அது சாமியாகிவிடும்.

முன்னாலேயே கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைக்காரர் வெகுதூரம் போகவேண்டியதில்லை; மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியே போதும். 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று தெரிந்தவுடனே, கடப்பாரை மண்ணில் படுவதற்கு முன்பே கிராமத்தார் எழுந்தார்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபை அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நகரத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் ஆணும் பெண்ணுமாக நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்து செய்தது. மலையில் சாமி இருக்கின்றது என்று சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனால் நடந்து வந்தது அவர்கள் கால்தான். அங்கே ஒரு ஏக்கர் போகவில்லை. சுரங்கம் தோண்டுகிறேன் என்று கோடிகள் புதையவில்லை. உப்பூரில் தடை வந்தது அஞ்சு வருஷத்துக்குப் பிறகு. அரிட்டாபட்டியில் வந்தது மூன்று மாதத்துக்குள். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இந்த வித்தியாசத்தில் எத்தனை குடும்பத்தின் வாழ்வு அடங்கியிருக்கின்றது!

ஆகவே நாம் கேட்பது நான்கு காரியம். முதலாவது, எந்தத் தொழிலுக்கும் ஆய்வறிக்கை முழுதும் தமிழில் அச்சடித்து, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கிராமத்திலும் கூட்டத்துக்கு மாதக்கணக்கில் முன்பே கிடைக்கவேண்டும். இரண்டாவது, ஜனங்களின் கேள்விக்கு எழுத்தில் பதில் வந்து, அனுமதியும் முடிவான பிறகே அடிக்கல். மூன்றாவது, கைவிட்ட திட்டத்துக்கு எடுத்த நிலம் "அல்லது" இல்லாமல் உழுதவனுக்கே திரும்பவேண்டும். நான்காவது, ஆய்வு சரியில்லையென்று ஒரு வேலை நின்றால், அந்த ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று பேரோடு ஜனங்களுக்குச் சொல்லவேண்டும்.

இவற்றில் ஒன்றும் ஆகாயக் கோட்டை அல்ல. ஆனால் தானாக வரவும் வராது. தீர்ப்பாயம் ஒருநாள் தடுக்கும். இன்னொரு நாள் விட்டுவிடும். சர்க்கார் ஒருநாள் கட்டுப்பாடு போடும். இன்னொரு நாள் விலக்குக் கொடுக்கும். பிள்ளையாரை நம்பியவன் தீர்ப்பாயத்தை அந்தப் பீடத்தில் உட்காரவைத்துக் கும்பிட்டால், சாமி மாறியதே தவிர புத்தி மாறவில்லை. அடுத்த அடிக்கல் உங்கள் ஊரில் விழுவதற்கு முன்னால், மாலையும் தேங்காயும் வந்து இறங்குகிற அன்றைக்கே, "சாம்பல் எங்கே போகும்? ஓடை எங்கே போகும்? நிலம் போனால் எப்போது திரும்பும்?" என்று கேட்கப் பத்துப் பேராவது எழுந்து நிற்கின்றீர்களா என்பதுதான் விஷயம்.